பார்க்காமலே திட்டிய படம்

போன வாரம் மகள் வீட்டில் ஒரு பழைய ஆங்கிலப் படம் பார்த்தேன். பெயர் 'இஷ்டார்'. 1987-ல் வந்தது. "அந்தக் குப்பையா!" என்று முப்பது வருஷத்துக்கு மேலாக நானும் சொல்லிக்கொண்டிருந்த படம். எங்கள் ஆபீஸ் லைப்ரரிக்கு வரும் அமெரிக்கப் பத்திரிகைகளில் விமர்சனம் படித்ததோடு சரி. படத்தை நான் பார்த்ததே இல்லை.

கதை எளிமையானது. நியூயார்க்கில் இரண்டு நண்பர்கள், வாரன் பேட்டியும் டஸ்டின் ஹாஃப்மனும். பாட்டு எழுதுவார்கள், மெட்டுப் போடுவார்கள், பாடவும் செய்வார்கள். மூன்றுமே வராது. வராது என்பது அவர்களுக்கு மட்டும் தெரியாது. மொராக்கோவில் ஒரு ஓட்டலில் பாட வாய்ப்புக் கிடைக்கிறது. போகிற வழியில் இஷ்டார் என்ற கற்பனை நாட்டில் இறங்கி, புரட்சிக்காரர்களுக்கும் சி.ஐ.ஏ.வுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். எழுதி இயக்கியவர் எலைன் மே என்ற பெண்மணி.

செலவு 5 கோடி டாலருக்கு மேல். அமெரிக்காவில் வசூல் 1 கோடியே 44 லட்சம்தான். 1986 கிறிஸ்துமஸுக்கு வரவேண்டிய படம் தள்ளிப்போய் மே மாதம் வந்தது. அதற்குள் செலவுக் கணக்கு ஊரெல்லாம் நாறிவிட்டது. நாயகர்கள் இருவருக்கும் ஆளுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் சம்பளம் என்பது படத்தைவிடப் பெரிய செய்தி. ரோஜர் ஈபர்ட் நாலு நட்சத்திரத்துக்கு அரை நட்சத்திரம் போட்டார். நியூயார்க் டைம்ஸில் ஜேனட் மாஸ்லின் மாதிரி ஓரிருவர் இது ரசிக்கக்கூடிய படம்தான் என்று எழுதியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போதே, பெண் வீட்டார் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்று பேசிக்கொண்டே சாப்பிட்டால் பாயசம் இனிக்குமா?

படம் அப்பழுக்கில்லாதது என்று சொல்லவில்லை. பாலைவனத்துக்குப் போன பிறகு பல இடங்களில் தொய்கிறது. ஆனால் முதல் இருபது நிமிஷம் நான் தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பால் வில்லியம்ஸ் நல்ல பாட்டாசிரியர். அவரை வைத்து வேண்டுமென்றே மட்டமான பாட்டு எழுத வைத்திருக்கிறார்கள். கண் தெரியாத ஒட்டகம் ஒன்று வருகிறது. நடுவில், மனமொடிந்து மாடி விளிம்பில் நிற்கும் ஹாஃப்மனை பேட்டி சமாதானப்படுத்தும் காட்சி. வயதாகியும் கையில் ஒன்றுமில்லாத இரண்டு பேர். அங்கே எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது.

கேரி லார்சன் என்ற கார்ட்டூனிஸ்ட், நரகத்தில் ஒரு வீடியோ கடையை வரைந்தார். அலமாரி முழுக்க 'இஷ்டார்' மட்டும். பிற்பாடு ஒரு விமானப் பயணத்தில் படத்தைப் பார்த்துவிட்டு, பார்க்காமலே வரைந்தேன் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். பெரிய மனசு.

அடி விழுந்தது யாருக்கு என்று பாருங்கள். ஹாஃப்மன் அடுத்த வருஷமே 'ரெயின் மேன்' நடித்து ஆஸ்கர் வாங்கினார். பேட்டி 1990-ல் 'டிக் டிரேசி' எடுத்தார். எலைன் மேக்கு மோசமான இயக்குநர் என்று கேலி விருது கொடுத்தார்கள். மற்றவர்கள் படங்களுக்கு வசனம் எழுதினார். தன் பழைய கூட்டாளி மைக் நிக்கல்ஸ் பற்றி 2016-ல் தொலைக்காட்சிக்கு ஒரு ஆவணப்படம் எடுத்தார். கதைப் படம் எதையும் அதன்பின் அவர் இயக்கவில்லை. 2022-ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தபோது வயது தொண்ணூறு தொட இருந்தது.

இதை எழுதும்போது ஒன்று உறுத்துகிறது. எங்கள் ஆபீஸ் மனமகிழ் மன்றத்துக்கு ஒரு நண்பர் நகைச்சுவை நாடகம் எழுதினார். அன்று நான் போகவில்லை, வீட்டில் விருந்தாளிகள். மறுநாள் கேன்டீனில் எல்லோரும் கிண்டல் செய்தபோது நானும் ஒரு ஜோக் அடித்தேன். அன்றைக்கு அதிகம் சிரிப்பு வாங்கியது என் ஜோக்தான். பக்கத்து மேஜையில் அவர் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை பிறகுதான் கவனித்தேன்.

அவர் அதற்கப்புறம் எழுதவில்லை. அவர் ஓய்வு பெற்ற அன்று வாழ்த்துரை வாசித்தது நான்தான். இரண்டு பக்கம். நாடகத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.