ஊசியைக் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ளும் மருத்துவம்

1983ஆம் ஆண்டு லாஸ் வேகாஸ் நகரில் சிறுநீரியல் அறிஞர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. ஆண்குறியில் நேரடியாக மருந்தைச் செலுத்தி விறைப்பை உண்டாக்க முடியும் என்று நிறுவ விரும்பிய பிரித்தானிய உடலியலாளர் கைல்ஸ் பிரிண்ட்லி, விடுதி அறையில் தமக்குத் தாமே ஊசி போட்டுக்கொண்டு மேடையேறினார். உரையின் முடிவில் அதன் விளைவை அவையோருக்குக் காட்டவும் செய்தார். இச்சிகிச்சையைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இக்கதையே முதலில் வருகிறது. கேட்பவர்கள் சிரிக்கிறார்கள், பேச்சு அடுத்த தலைப்புக்கு நகர்ந்துவிடுகிறது. இந்தியாவில் இச்சிகிச்சைக்கு முதல் தடை அந்தச் சிரிப்புதான்.

சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. 1982இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரோனால்ட் விராக், பாப்பவரின் என்னும் மருந்தை ஆண்குறித் திசுவில் செலுத்தினால் விறைப்பு உண்டாகும் என்று ‘லான்செட்’ இதழில் அறிவித்தார். பெரும்பாலும் மனக்கோளாறு என்றே ஒதுக்கப்பட்டுவந்த ஒரு நிலை, இரத்தக்குழாய்களையும் தசைகளையும் சார்ந்த நோயாகப் பார்க்கப்படுவதற்கு அது வழிவகுத்தது. 1995இல் ஆல்ப்ரோஸ்டடில் ஊசிக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. 1998இல் சில்டெனாஃபில் மாத்திரை வந்ததும் ஊசி பின்னுக்குத் தள்ளப்பட்டது.

ஆனால் மாத்திரையால் எல்லோருக்கும் பயன் கிடைப்பதில்லை. நரம்பிலிருந்து வரும் சமிக்ஞையை வலுப்படுத்துவதே அதன் வேலை. புராஸ்டேட் புற்றுநோய் அறுவையில் நரம்பு சிதைந்தவருக்கும், பல்லாண்டு நீரிழிவால் நரம்பு பழுதானவருக்கும் வலுப்படுத்துவதற்கு அந்தச் சமிக்ஞையே போதிய அளவில் இராது. நெஞ்சுவலிக்காக நைட்ரேட் மருந்து உட்கொள்பவரோ மாத்திரையைத் தொடவே கூடாது. இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரியும். ஊசி மருந்து நரம்பை எதிர்பார்க்காமல் திசுவின் தசையையே நேரடியாகத் தளர்த்துவதால் இவர்களுள் பலருக்கு அது பயன்தரும். உடலுறவே கூடாத அளவுக்கு இதயம் நலிந்திருக்கிறதா என்பதை மட்டும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. அவர்களுள் பாதிப்பேர் ஆண்கள் என்று கொண்டாலும், இச்சிகிச்சையின் தேவை எத்தகையது என்பதற்குத் தனி விளக்கம் வேண்டியதில்லை.

இச்சிகிச்சை தொடங்கவேண்டிய முறையில் குழப்பம் ஏதுமில்லை. முதல் ஊசி மருத்துவர் முன்னிலையில் மருத்துவமனையிலேயே போடப்பட வேண்டும். ஆல்ப்ரோஸ்டடில் பொதுவாக 2.5 மைக்ரோகிராமில் தொடங்கப்படும். தண்டுவட நரம்புப் பாதிப்பு உள்ளவருக்கு 1.25 போதும். அளவு படிப்படியாக உயர்த்தப்படும். குறியின் பக்கவாட்டில்தான் குத்த வேண்டும். மேற்புறமும் கீழ்ப்புறமும் கூடாது. முறைக்கொருமுறை பக்கம் மாற்ற வேண்டும்; குத்திய இடத்தைச் சில நிமிடங்கள் அழுத்திப் பிடிக்க வேண்டும். 5 முதல் 20 நிமிடத்தில் விறைப்பு உண்டாகும். அது ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்காத அளவே சரியான அளவு. வாரத்துக்கு 3 முறைக்கு மேலும், ஒரே நாளில் இருமுறையும் போடக்கூடாது. விறைப்பு 4 மணி நேரம் தணியாவிட்டால் அது அவசர நிலை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தயங்கிக் காலம் கடத்தினால் திசு நிரந்தரமாகப் பாழாகும். அரிவாளணு இரத்தசோகை உள்ளவருக்கு இந்த ஆபத்து மிகுதி என்பதால் அவர்களுக்கு இம்மருந்து தரலாகாது. அந்நோயை ஒழிக்க 2023இல் தேசிய இயக்கமே தொடங்கிய நாட்டில், முதல் ஊசிக்கு முன் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுவது குற்றத்துக்கு நிகரான அலட்சியம்.

இவையனைத்தையும் சொல்லிக்கொடுக்க முக்கால் மணி நேரமும், மூடிய கதவுள்ள ஓர் அறையும், கூசாமல் பேசத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும். கூட்டம் நெரியும் புறநோயாளிப் பிரிவில் அந்த மூன்றும் கிடைப்பதில்லை. மருந்துச் சீட்டு மட்டும் கைக்கு வருகிறது. சொல்லித்தரப்படாத மனிதர் தம் வீட்டுக் குளியலறையில் தனியாக நின்று நடுங்கும் கையால் குத்திப் பார்க்கிறார். வலித்தால் மருந்தைக் கைவிடுகிறார். நான்கு மணி நேரம் கடந்தாலும் வெட்கத்தால் விடியும்வரை காத்திருக்கிறார். பின்னர் மருத்துவர்கள், ‘இந்திய நோயாளிகள் இந்த ஊசியை ஏற்பதில்லை’ என்று முடிவு கட்டுகிறார்கள். கற்பிக்காததை ஏற்கவில்லை என்று பழிசொல்வது எந்த வகை அறிவியல்?

எழுதப்படிக்கத் தெரியாத மூதாட்டிக்கும் இன்சுலின் போட்டுக்கொள்ளக் கற்றுக்கொடுத்த நாடு இது. செவிலியர் வயிற்றைத் தொட்டுக் காட்டி, மடிப்பைப் பிடிக்கச் சொல்லி, இரண்டு முறை தம் முன்னால் போடவைத்து அனுப்புகிறார். இந்தச் சிகிச்சைக்கும் அதுபோன்ற மெல்லிய ஊசியே பயன்படுகிறது. குத்தும் இடம் மாறியதும் கற்பிக்கும் கடமை காணாமற்போவது ஏன்?

மருத்துவமனை விட்ட வெற்றிடத்தில் வேறு சிலர் குடியேறிவிட்டனர். வட இந்திய இரயில் பாதைகளின் ஓரச் சுவர்கள் ‘குப்த் ரோக்’, அதாவது இரகசிய நோய், என்ற விளம்பரங்களைப் பல்லாண்டுகளாகச் சுமந்து நிற்கின்றன. தெற்கே விடுதி அறைகளில் முகாம் நடத்தும் ‘பரம்பரை வைத்தியர்’கள் உண்டு. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் இத்தகைய விளம்பரங்களைத் தடை செய்கிறது. முதன்முறை குற்றத்துக்கு ஆறு மாதம்வரை சிறை விதிக்கவும் இடமளிக்கிறது. எழுபதாண்டுகள் கடந்தும் சுவர்கள் வெளுக்கவில்லை. பொய் சொல்பவரைத் தடுக்க நாட்டில் சட்டம் இருக்கிறது. உண்மை சொல்லவேண்டியவரைப் பேசவைக்க ஏற்பாடு ஏதும் இல்லை.

மொழியும் இதில் உடந்தை. 1992 டிசம்பரில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் கூட்டிய அறிஞர் குழு, ‘ஆற்றலின்மை’ என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல் இழிவுபடுத்துவதும் துல்லியமற்றதுமாகும் என்று கருதி, ‘விறைப்புக் குறைபாடு’ என்ற பொருளுடைய சொல்லைப் பரிந்துரைத்தது. தமிழில் இன்றும் ‘ஆண்மைக்குறைவு’ கோலோச்சுகிறது. சிறுநீரகம் பழுதானால் சிறுநீரகத்துக்குத்தான் குறை. இங்கே மட்டும் குறை ஆளுக்கே ஏற்றப்படுகிறது. 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, எதிர்த்தரப்பினரின் ‘ஆற்றலின்மை’யால் தாம்பத்திய உறவு நிகழாத திருமணத்தைச் செல்லாததாக்கிக்கொள்ள இடமளிக்கிறது. துன்புறும் துணைக்கு அந்த வழி வேண்டியதே. ஆனால் நீதிமன்றத்தில் ஒலிக்கும் அச்சொல் மருத்துவரின் அறையில் சொல்லப்படும்வரை காலம் பிந்திவிடுகிறது.

கல்விப்புலத்தின் பொறுப்பும் குறைந்ததன்று. ஆண்மை என்னும் கருத்தாக்கத்தைப் பற்றிக் கருத்தரங்குகள் குறைவின்றி நடக்கின்றன. அங்கே ஆண்குறி குறியீடாக மட்டும் வருகிறது. அறுவைக்குப் பின் வீடு திரும்பிய ஐம்பத்தைந்து வயது எழுத்தரின் உடலுக்கு அங்கே இடமில்லை. மருத்துவப் புலமோ மருந்தின் அளவோடு நின்றுகொள்கிறது. அந்த எழுத்தரின் அச்சத்துக்கு அதன் பாடநூலில் இடமில்லை.

எதிர்வாதங்கள் இரண்டு உண்டு. உயிர்காக்கும் மருந்துக்கே தட்டுப்பாடுள்ள நாட்டில் இது ஆடம்பரம் என்பது முதலாவது. கண்புரை அறுவையும் உயிர்காப்பதன்று. அதை யாரும் ஆடம்பரம் என்பதில்லை. மேலும், ஆண்குறியின் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகலானவை. அடைப்பு முதலில் அங்கே தெரியக்கூடும். மாரடைப்புக்குச் சில ஆண்டுகள் முன்னரே எச்சரிக்கை தரக்கூடிய அறிகுறியைக் கேட்காமல் விடுவது சிக்கனமாகாது. பெண்ணின் வலிக்குச் செவிகொடுக்காத மருத்துவம் ஆணின் இன்பத்துக்கு விரைகிறது என்பது இரண்டாவது. அக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும் இந்த மௌனத்தின் விலையையும் பெண்ணே செலுத்துகிறாள். கணவன் வாய் திறக்காத குடும்பத்தில் குழந்தையின்மைக்கான பரிசோதனைகள் மனைவியின் உடலில்தான் தொடங்குகின்றன. ‘மலடி’ என்ற வசை அவள் மேல்தான் விழுகிறது.

வேண்டுவன சிலவே. நீரிழிவு மருத்துவமனையில் கண்ணையும் பாதத்தையும் பார்ப்பவர் இந்த ஒரு கேள்வியையும் கேட்கட்டும். புராஸ்டேட் அறுவைக்குமுன் கையெழுத்து வாங்கும் இடத்திலேயே இதன் சாத்தியத்தையும் தீர்வையும் சொல்லட்டும். ஊசியை எழுதிக்கொடுக்கும் மருத்துவமனையெல்லாம் செவிலியருக்குப் பயிற்சி அளித்து, துணைவியும் விரும்பினால் உடனிருக்க, முதல் ஊசியைத் தன் கூரையின்கீழ் போடவைக்கட்டும். நள்ளிரவில் அழைக்க ஓர் எண்ணையும், செய்யவேண்டியவை அச்சிட்ட ஒரு தாளையும் தாய்மொழியில் தரட்டும். அதுவரை, கற்பிக்காமல் எழுதித்தரப்படும் ஒவ்வொரு சீட்டும் கைகழுவும் செயல்தான்.