கட்டியவன் பிள்ளைக்கு இடம் எங்கே?

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே சுமார் 55 கிலோமீட்டர். ஆரம்பாக்கம் கடந்து தடாவை நெருங்கும்போது ஸ்ரீசிட்டி வருகிறது. 2008இல் தொடங்கிய இந்தத் தொழில் நகரத்தில் செல்போன் செய்கிறார்கள், மெட்ரோ ரயில் பெட்டி செய்கிறார்கள், சாக்லேட்டும் செய்கிறார்கள். அதற்குள்ளேயே 2018இல் ஒரு தனியார் பல்கலைக் கழகமும் எழுந்தது. கிரியா பல்கலைக் கழகம் என்று பெயர். முதல் துணைவேந்தர் சுந்தர் ராமசாமி, அமெரிக்காவில் மிடில்பரி கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்தவர். அறிவிப்பு வந்தபோது ஆட்சிக் குழுவில் ரகுராம் ராஜன் இருந்தார். நாடறிந்த தொழிலதிபர்கள் இருந்தார்கள். படிப்பும் அமெரிக்க முறைப் படிப்பு: சரித்திரம் படிப்பவன் கணக்கும் படிக்கலாம், விஞ்ஞானம் படிப்பவள் இலக்கியமும் படிக்கலாம், எல்லோரும் வளாகத்திலேயே தங்க வேண்டும். கட்டணம் ஆண்டுக்குப் பல லட்சம்.

அது நிற்கும் சத்தியவேடு வட்டாரம் 1960 ஏப்ரல் 1ஆம் தேதிதான் செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து சித்தூர் மாவட்டத்துக்கு மாறியது. திருத்தணி இந்தப் பக்கம் வந்தது, இது அந்தப் பக்கம் போனது. 2022 முதல் திருப்பதி மாவட்டம். பழைய எல்லைச் சண்டையைக் கிளறுவதற்காக இதைச் சொல்லவில்லை. அங்கே ஒரே திண்ணையில் தமிழும் தெலுங்கும் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன; அந்தக் குடும்பங்களிலிருந்து துபாய்க்கும் தோஹாவுக்கும் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல என்பதற்காகவே சொல்கிறோம்.

ஏனென்றால், அமெரிக்கப் பல்கலைக் கழகத்தை வளைகுடாவில் நம்மவர் வெளியிலிருந்து பார்த்திருக்கிறார்கள். சாரத்தின் மேல் நின்றும் பார்த்திருக்கிறார்கள். அரபு நாட்டில் இது நேற்று முளைத்ததல்ல. பெய்ரூட்டில் 1866இலேயே அமெரிக்கப் பாதிரிமார் ஒரு கல்லூரி தொடங்கினார்கள்; 1920இல் அது பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக் கழகம் ஆயிற்று. முதலில் அரபு மொழியில்தான் பாடம் நடந்தது. இருபது ஆண்டுக்குள் ஆங்கிலம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1919இல் கெய்ரோ, 1997இல் ஷார்ஜா. எண்ணெய்ப் பணம் பெருகியபின் கத்தார் தலைநகரில் ஒரு கல்வி நகரமே எழுந்தது. 2010இல் நியூயார்க் பல்கலைக் கழகம் அபுதாபியில் வகுப்புத் தொடங்கி, 2014இல் சாதியாத் தீவில் சொந்த வளாகத்துக்குக் குடிபோயிற்று.

அந்தச் சாதியாத் தீவுக் கதையை நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். தொழிலாளர் நலனுக்கு உயர்ந்த விதிகளை வகுத்திருப்பதாக நியூயார்க்கில் அறிவித்தார்கள். ஆள்பிடிக்க வாங்கிய கட்டணத்தைத் தொழிலாளிக்கே திருப்பித் தருவோம் என்றார்கள். பத்திரிகைகளில் உண்மை வெளிவந்தபின் நார்டெல்லோ என்ற விசாரணை நிறுவனத்தை நியமித்தார்கள். 2015 ஏப்ரலில் வந்த அதன் அறிக்கை சொன்னது என்ன? கட்டட வேலையில் ஈடுபட்ட சுமார் 30,000 பேரில் 10,000 பேருக்கு அந்த விதிகளின் பாதுகாப்பே கிடைக்கவில்லை! சிறு துணை ஒப்பந்தக்காரர்களுக்கு விலக்கு அளித்திருந்தார்கள். நம்மைப் போன்றவர்கள் வேலை செய்வதே துணை ஒப்பந்தக்காரனிடம்தானே? அதே ஆண்டு மார்ச்சில், இந்தத் தொழிலாளர் நிலையை ஆராய்ந்துவந்த அதே பல்கலைக் கழகத்தின் பேராசிரியர் ஆண்ட்ரூ ராஸ் அபுதாபி விமானத்தில் ஏற முடியாமல் நியூயார்க்கிலேயே தடுக்கப்பட்டார். சுதந்திரச் சிந்தனையைப் போதிக்கும் பல்கலைக் கழகம்தான். கூலியைப் பற்றிச் சிந்தித்தால் மட்டும் விசா கிடைக்காது போலும்.

ஸ்ரீசிட்டியில் அப்படி நடந்ததாக நாம் சொல்லவில்லை. நம் கேள்வி அதற்கு அடுத்தது. வளைகுடாவில் கட்டியவன் பிள்ளை அந்த வகுப்பில் உட்காரவில்லை. எப்படி உட்காருவான்? ஐக்கிய அரபு நாட்டில் மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள அனுமதி. ஆகவே அப்பா காம்பில், பிள்ளை புத்தூரில். இப்போது அதே வகைப் பல்கலைக் கழகம் புத்தூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்துக்கே வந்துவிட்டது. இன்னமும் அந்தப் பிள்ளை வெளியேதான். அக்கா செல்போன் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறாள். ஒரே தொழில் நகரம், கேட் மட்டும் வேறு.

“அந்தப் படிப்பு நமக்கு எதற்கு? ஐ.டி.ஐ. போட்டோமா, விசா எடுத்தோமா” என்று நம் வீடுகளிலேயே பேசுவது காதில் விழுகிறது. இதை நாம் ஏற்கவில்லை. ஒப்பந்தப் பத்திரத்தைப் படித்துப் புரிந்துகொள்ளவும், எதிரே இருப்பவனிடம் கேள்வி கேட்கவும், நாலு பக்கம் தெளிவாக எழுதவும் பழக்கும் படிப்பு யாருக்கு அதிகம் தேவை? ஏமாற்றப்படுகிறவனுக்குத்தான். சரித்திரமும் பொருளாதாரமும் பணக்காரப் பிள்ளைகளின் அலங்காரம் என்று நாமே விட்டுக்கொடுத்துவிட்டால், அப்புறம் சட்டம் எழுதுகிற இடத்தில் நம்மவர் யாரும் இருக்கமாட்டார்கள்.

உதவித்தொகை உண்டு என்று இத்தகைய நிறுவனங்கள் சொல்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் அது அவர்கள் விருப்பம், நம் உரிமையல்ல. தனியார் கல்வி நிலையங்களிலும் இட ஒதுக்கீடு செய்யச் சட்டம் இயற்றலாம் என்று 2005இல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை ஒப்புக்கொண்டது. மத்திய சர்க்கார் 2006இல் கொண்டுவந்த சட்டமோ தன் சொந்த நிறுவனங்களோடு நின்றுவிட்டது. வளைகுடாத் தொழிலாளர் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவது நடவாத காரியமும் அல்ல. ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளில் வெளிநாட்டினருக்கான 15 விழுக்காடு கூடுதல் இடங்களில் மூன்றில் ஒரு பங்கு அவர்களுக்கென்றே விதி இருக்கிறது. அந்த விதி தனியார் பல்கலைக் கழகங்களின் கலைப் படிப்புக்கும் வர வேண்டும். அதிலும் லேபர் காம்பில் இருப்பவன் பிள்ளைக்கே முதலிடம் தர வேண்டும்; அதிகாரி பிள்ளை பிறகு வரட்டும்.

இன்னொன்றும் உண்டு, இதுவே பெரிது. திருப்பதியில் 1954இல் வேங்கடேசுவரா பல்கலைக் கழகம் பிறந்தது. தேவஸ்தானம் நிலம் கொடுத்தது. அந்த உண்டியலில் நம்மவர் முடிந்துவைத்த காசும் இருக்கிறது. 1983இல் பெண்களுக்கென்று பத்மாவதி பல்கலைக் கழகம் வந்தது. 1997இல் குப்பத்தில் திராவிடப் பல்கலைக் கழகம் வந்தது. அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு, நம் மொழிகளுக்கென்றே வந்தது. இவை பொதுச் சொத்து. இங்கே ஒரு பிள்ளை மூன்று பாடத்தைச் சேர்த்துப் படிக்கவும், நல்ல நூலகத்தில் இரவு வரை உட்காரவும் ஏன் முடியாது? ஸ்ரீசிட்டிக்கு நிலமும் சாலையும் சலுகையும் கொடுக்க முடிந்த அரசாங்கம், இங்கே ஆசிரியர் பணியிடம் நிரப்பவும் பணம் தேடட்டும்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் இவ்வாண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளை உள்ள குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள்: கட்டணத்தைப் பார்த்து ஒதுங்காதீர்கள். விண்ணப்பம் போடுங்கள். கூடவே உதவித்தொகைக்கும் எழுதிக் கேளுங்கள். அப்பாவின் சம்பளச் சீட்டு நகலை இணையுங்கள். என்ன பதில் வந்தாலும், பதிலே வராவிட்டாலும், நகலோடு சங்கத்துக்குத் தெரிவியுங்கள். இரு மாவட்டக் கடிதங்களையும் சேர்த்துக் கல்வி அமைச்சரிடம் கொண்டுபோவது சங்கத்தின் வேலை.