இருபத்தோராவது கொள்கை

தியாகராய நகருக்குப் புடவை எடுக்கப் போகும் நேயர்கள் பாஸ்லுல்லா ரோடைக் கடந்து போயிருப்பீர்கள். அந்தத் தெருவில்தான் ராஜாஜி குடியிருந்தார். வயது எண்பது, கவர்னர் ஜெனரல், முதலமைச்சர் என்று பெரிய பதவிகளையெல்லாம் பார்த்தாயிற்று. அந்த வயதில் மற்றவர்கள் பேரன் பேத்திகளுக்குக் கதை சொல்லிக் கொண்டிருப்பார்கள். அவரோ, 1959 ஜூன் 4-ம் தேதி, சென்னையில் புதிதாக ஒரு கட்சி பிறக்கிறது என்று அறிவித்தார். அதுதான் சுதந்திராக் கட்சி.

இவ்வளவு அவசரம் எதற்கு? அந்த ஆண்டு ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாசபை, நாட்டில் கூட்டுறவுப் பண்ணை விவசாயம் வர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. ஆளுக்கு ஆள் வரப்புக் கட்டி உழுவதை விட்டு, நிலங்களை ஒன்று சேர்த்து உழுவது என்பது ஏற்பாடு. பத்திரம் உன் பேரில்தான் இருக்கும் என்றார்கள். ஆனால் ஏர் பிடிப்பவனுக்குப் பத்திரத்தைவிட வரப்பு அல்லவா முக்கியம்? குண்டூர்க்காரரான என்.ஜி. ரங்கா இதற்காகவே காங்கிரஸை விட்டு வெளியேறிப் புதுக் கட்சியின் தலைவரானார். தொழில் தொடங்க லைசென்ஸ், சாமான் இறக்குமதி செய்ய பர்மிட் என்று எதற்கும் சர்க்கார் வாசலில் காத்துக் கிடக்கும் நிலைமையையும் கட்சி எதிர்த்தது. 'பர்மிட் - லைசென்ஸ் ராஜ்யம்' என்று ராஜாஜி அதற்குப் பெயர் சூட்டினார்.

இது பணக்காரர் கட்சி, ராஜாக்கள் கட்சி என்று எதிரிகள் சொன்னார்கள். அது முழுப் பொய்யும் அல்ல. ராஜஸ்தானத்திலும் ஒரிஸ்ஸாவிலும் பழைய சமஸ்தானாதிபதிகள்தான் அதற்குத் தூணாக நின்றார்கள்.

ஆனால், நேயர்களே, இந்தக் கட்சியிடம் வேறு எந்தக் கட்சியிடமும் காணாத விசேஷம் ஒன்று இருந்தது. அதன் அடிப்படைக் கொள்கைகள் 21. கடைசிக் கொள்கை என்ன தெரியுமா? மேலே சொன்ன இருபதும் தவிர, மற்ற எல்லா விஷயங்களிலும் அங்கத்தினர்கள் அவரவர் மனச்சாட்சிப்படி பேசலாம், நடக்கலாம் என்பதுதான்!

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல. கட்சியின் ஸ்தாபகர்களையே பாருங்கள். கே.எம். முன்ஷி, அரசியல் நிர்ணய சபையில் ஹிந்தியை ஆட்சி மொழியாக்கும் ஏற்பாட்டை வகுத்தவர்களில் ஒருவர். (மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் கச்சேரி கேட்கிறீர்களே, அந்தப் பாரதிய வித்யா பவனை நிறுவியவரும் அவரே.) ராஜாஜியோ, 1938-ல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியவர், பின்னால் மனம் மாறி, ஆங்கிலமே தொடர வேண்டும் என்று வாதாடியவர். மதுவிலக்கு ராஜாஜிக்கு உயிர். பொதுக் காரியதரிசி மினு மஸானிக்கோ அதில் நம்பிக்கையே கிடையாது. இவர்கள் எல்லோரும் ஒரே மேடையில் உட்கார்ந்தார்கள்! ராஜாஜியின் குமாரர் சி.ஆர். நரசிம்மன் மட்டும் அப்போது காங்கிரஸ் பார்லிமெண்ட் அங்கத்தினராகவே இருந்தார். வீட்டிலும் அபிப்பிராய சுதந்திரம்தான்.

சரி, இந்த சுதந்திரத்தால் கிடைத்த பலன் என்ன? கொஞ்ச காலம் நல்ல அறுவடைதான். 1962-ல் லோக் சபையில் 18 இடம். 1967-ல் 44 இடம். காங்கிரஸுக்கு அடுத்த பெரிய கட்சி அதுவே. தமிழ்நாட்டில் 1953-ல் ராஜாஜியின் கல்வித் திட்டத்தைக் கடுமையாக எதிர்த்த தி.மு.கழகம், 1967-ல் அவரோடு கைகோத்தது. தென் சென்னையில் அண்ணாதுரை லோக் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். சட்டசபையில் சுதந்திராக் கட்சிக்கு 20 இடம் கிடைத்தது. ஆனால் தி.மு.க.வுக்குத் தனியாகவே மெஜாரிட்டி வந்துவிட்டது. ஏற உதவிய ஏணிக்கு மாடியில் என்ன வேலை?

நஷ்டக் கணக்கும் உண்டு. பீஹாரில் 1962-ல் ராம்கட் ராஜாவின் செல்வாக்கால் 50 சட்டசபை இடங்கள் கிடைத்தன. பின்னர் ராஜா தம் ஆட்களோடு காங்கிரஸுக்குப் போய்விட்டார். கட்சி கை பிசைந்து நின்றது. கொள்கைக்காக வந்தவர்களை சுதந்திரம் கட்டி வைத்தது; சௌகரியத்துக்காக வந்தவர்களை அதனால் கட்டி வைக்க முடியவில்லை. தெருவுக்குத் தெரு கிளை வைத்துத் தொண்டர் திரட்டும் வித்தையும் இந்தக் கட்சிக்குக் கைவரவில்லை. 1971-ல் ராஜாஜி, தம் பழைய அரசியல் எதிரியான காமராஜருடன் சேர்ந்து தேர்தலைச் சந்தித்தார். லோக் சபையில் கிடைத்தது 8 இடம்தான். 1972 டிசம்பர் 25-ம் தேதி அவர் காலமானார். 1974-ல் கட்சி, சரண் சிங்கின் பாரதிய லோக் தளத்தில் கலந்து மறைந்தது.

கட்சி போயிற்று, அது சொன்னது போகவில்லை. கூட்டுறவுப் பண்ணைத் திட்டம் நாடெங்கும் வேர் பிடிக்கவே இல்லை. 1991-ல் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையே எடுக்கப்பட்டது. எடுத்தவர்கள் காங்கிரஸ்காரர்கள் என்பதுதான் வேடிக்கை.

ஆனால் இருபத்தோராவது கொள்கையை மட்டும் ஒருவரும் சுவீகாரம் எடுத்துக் கொள்ளவில்லை. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் அங்கத்தினர் பதவியே போகக்கூடும். ராம்கட் ராஜாக்களைத் தடுக்க அப்படி ஒரு பூட்டு வேண்டியதுதான். ஆனால் திருடனுக்குப் போட்ட பூட்டு வீட்டுக்காரனையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டதே! நம் தொகுதி அங்கத்தினர் ஒரு மசோதாவுக்குக் கை தூக்கும்போது, அந்தக் கை அவருடையதா, கொறடாவுடையதா என்று நமக்கு எப்படித் தெரியும்? அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், குடிநீரைப் பற்றியும் சாக்கடையைப் பற்றியும் கேட்ட கையோடு, இதையும் ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள்.