கை பட்டால் விலை குறையும்

2024 நவம்பரில் என் பள்ளி நண்பனிடமிருந்து 180 எலிகளை 800 ரிங்கிட்டுக்கு வாங்கினேன்.

எலி என்றால் பிளாஸ்டிக் எலி. கட்டைவிரல் உயரம்கூட இருக்காது. கிழிந்த அங்கியும் துருப்பிடித்த கத்தியுமாக இரண்டு காலில் நிற்கும் எலிமனிதர்கள். 'வார்ஹாமர்' என்ற மேசைப்போர் விளையாட்டில் 'ஸ்கேவன்' என்று ஓர் இனம். ஐந்தாம் படிவத்தில் படிக்கும்போது, 2012-இல், நாங்கள் இருவரும் காசு போட்டு 'ஐலண்ட் ஆஃப் பிளட்' என்ற பெட்டியை வாங்கினோம். பெட்டியில் பாதி எலி, பாதி எல்ஃப். எலிகளை அவன் எடுத்துக்கொண்டான், எல்ஃபுகளை நான். அதற்குப் பிறகு 12 வருடம், பெட்டி மேல் பெட்டியாகச் சேர்த்து, ஒவ்வோர் எலிக்கும் தன் கையால் வண்ணம் தீட்டினான். அப்புறம் வேலை போனது. அதே மாதம் குழந்தை பிறந்தது. "வித்துடலாம்னு இருக்கேன் மச்சான்" என்றான்.

முகநூல் விற்பனைக் குழு ஒன்றில் படம் போட்டான். முதல் கேள்வியே, "பெயிண்ட் அடிச்சதா, அடிக்காததா?" அடிச்சது என்றான். "அப்போ பாதி விலைதான் ப்ரோ. கழுவி எடுக்கவே ஒரு வாரம் ஆகும்லா." அடுத்து வந்தவர்களும் அதையேதான் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். அதே வாரம் இன்னொருவர் பழைய எலிப் பெட்டி ஒன்றை உறைகூடப் பிரிக்காமல் விற்பனைக்கு வைத்தார். ஒருவரும் பேரம் பேசவில்லை.

கை படாத பொருளுக்கு முழு விலை. ஒரு மனிதன் 12 வருடம் குனிந்து உட்கார்ந்து செய்த பொருளுக்குப் பாதி விலை. இந்தக் கணக்கில் யாருக்கும் எந்த உறுத்தலும் இல்லை. எனக்கு உறுத்துகிறது. இந்தக் கணக்கை ஒப்புக்கொண்ட நாங்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், இந்தப் பொழுதுபோக்கை உள்ளே இருந்தே அரித்துத் தின்றுகொண்டிருக்கிறோம்.

அறியாதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பெட்டியைத் திறந்தால் பொம்மை இருக்காது. சாம்பல் நிறச் சட்டங்களில் தலை, கை, வால், கத்தி எல்லாம் தனித்தனியாகத் தொங்கிக்கொண்டிருக்கும். வெட்டி எடுத்து, வார்ப்புக் கோடுகளைச் சுரண்டி, ஒட்டி, அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். நம் ஊரில் அதுவே ஒரு சோதனை. காற்றில் ஈரம் கூடிய நேரத்தில் ஸ்பிரே அடித்தால் பூச்சு மணல் தூவியதுபோல் சொரசொரத்துவிடும். பினாங்கில் நான் மதிய வெயில் சுள்ளென்று அடிக்கும் நேரம் பார்த்து, சாயங்கால மழை வருவதற்குள், அடுக்குமாடிப் படிக்கட்டில் அட்டைப்பெட்டியை விரித்து அடிப்பேன். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி நான் ஏதோ சாமி காரியம் செய்கிறேன் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்.

பிறகு அடிப்படை வண்ணம். அதன்மேல் 'வாஷ்' என்கிற நீர்த்த வண்ணம். அது பள்ளங்களில் போய்த் தேங்கி நிழலாகும். அடுத்து 'டிரை பிரஷ்'. தூரிகையில் உள்ள வண்ணத்தைத் துணியில் துடைத்துவிட்டு, மிச்சமிருப்பதை மேடுகளில் மட்டும் உரசுவது. எலியின் முதுகு ரோமம் அப்போதுதான் எழுந்து வரும். கடைசியில் கண். குண்டூசித் தலையைவிடச் சின்ன இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. மூச்சைப் பிடித்துக்கொள்ளணும். எனக்கு ஓர் எலிக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளர். அங்கே முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே பொருளில் கை படக்கூடாது என்பதுதான். கையுறை, மணிக்கட்டில் நிலைமின்சாரத்தை இறக்கும் பட்டை. வெறுங்கை பட்ட பலகையைத் தனியாக எடுத்து வைத்துவிடுவோம். அங்கே அது சரி. ஒரு சர்க்யூட் பலகை அடுத்த பலகையைப் போலவே இருப்பதுதான் அதன் பெருமை. எலிக்கும் அதே விதியை வைக்கலாமா? அச்சிலிருந்து வந்த எலி கோலாலம்பூரிலும் லண்டனிலும் ஒன்றேதான். அதை அவன் எலி, என் எலி என்று ஆக்குவது கை. கை படாதவரை அது சரக்கு.

ஆரம்பத்தில் நிலைமை இப்படி இல்லை. எச்.ஜி. வெல்ஸ் 1913-இல் 'லிட்டில் வார்ஸ்' என்று பொம்மைப் போருக்கு விதிகள் எழுதி வெளியிட்டார். வீட்டில் கிடந்த சிப்பாய் பொம்மைகளையும் மரக்கட்டைகளையும் தரையில் பரப்பி ஆடிய ஆட்டம் அது. 1975-இல் லண்டனில் மூன்று நண்பர்கள் 'கேம்ஸ் வொர்க்‌ஷாப்' நிறுவனத்தைத் தொடங்கியபோது கையால் செய்த மரப் பலகை விளையாட்டுகளைத்தான் விற்றார்கள். 1983-இல் வார்ஹாமர் வந்தது. 1987-இல் அதன் விண்வெளி வடிவமான 'வார்ஹாமர் 40,000'. அந்தக் காலத்தில் அவர்களுடைய 'வைட் டுவார்ஃப்' இதழில், காலியான டியோடரண்ட் குப்பியிலிருந்து போர் வண்டி செய்வது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். விற்கிறவனே குப்பைத் தொட்டியைக் காட்டி "இதிலிருந்து செஞ்சுக்கோ" என்று சொன்ன காலம். அதே 1987-இல் தொடங்கிய 'கோல்டன் டீமன்' வண்ணப் போட்டியில் தலைசிறந்த படைப்புக்குப் பரிசு ஒரு நிஜ வாள்.

2024 டிசம்பரில் அந்த நிறுவனம் லண்டன் பங்குச் சந்தையின் முதல் 100 நிறுவனங்களின் பட்டியலில் இடம்பிடித்தது. சம்பாதிக்கட்டும், அதில் எனக்குப் பொறாமை இல்லை. என் புகார் வாங்கவைக்கும் விதத்தைப் பற்றியது. 40,000-க்கு 2017, 2020, 2023 என்று மூன்று வருடத்துக்கு ஒரு புதிய பதிப்பு. இடையிடையே குறைந்த எண்ணிக்கையில் சிறப்புப் பெட்டிகள். இன்று வாங்காவிட்டால் கிடைக்காது என்ற பயம். பயத்தில் வாங்கியவன் பெட்டியைப் பிரிப்பதற்குள் அடுத்த பயம் வந்துவிடுகிறது. இப்படிச் சேரும் குவியலுக்கு எங்கள் வட்டத்தில் 'அவமானக் குவியல்' என்றே பெயர். பெயர்தான் அவமானம். படம் எடுத்துப் போட்டு லைக் வாங்குவதென்னவோ பெருமையாகத்தான்.

விளையாட்டிலும் வண்ணத்துக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். 2020-இல் வந்த ஒன்பதாம் பதிப்பிலிருந்து, படை முழுக்க வண்ணம் தீட்டியிருந்தால் 100-க்கு 10 புள்ளி. படித்ததும் எனக்கு எஸ்பிஎம் ஞாபகம் வந்தது. பத்து மார்க் கிடைக்கும் என்பதற்காகப் போட்டிக்கு முந்தின இரவு மூன்று வண்ணத்தை அள்ளித் தடவிவிட்டு, சிவந்த கண்ணோடு வந்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படி நின்றிருக்கிறேன்.

2015-இல் நடந்ததைச் சொன்னால் என் வாதம் இன்னும் விளங்கும். அந்த வருடம் நிறுவனம் பழைய வார்ஹாமரைக் கைவிட்டது. கதையில் அந்த உலகத்தையே அழித்துவிட்டு 'ஏஜ் ஆஃப் சிக்மார்' என்று புதிய ஆட்டத்தை இறக்கியது. சதுர அடித்தட்டு போய் வட்ட அடித்தட்டு வந்தது. என்னைப் போன்றவர்கள் "எல்லாம் வேஸ்ட்" என்று பெட்டிகளை அலமாரி மேல் ஏற்றினோம். நண்பன் ஓர் எலியைக்கூடச் சதுரத் தட்டிலிருந்து பிடுங்கவில்லை. நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பழைய விதிப்படியே ஆடினான். தன் கையால் முடித்த படைக்கு நிறுவனத்தின் அனுமதி தேவைப்படவில்லை. எட்டரை வருடம் கழித்து, 2024 ஜனவரியில், அதே நிறுவனம் 'தி ஓல்ட் வேர்ல்ட்' என்ற பெயரில் பழைய உலகத்தையும் சதுரத் தட்டையும் மறுபடி விற்க வந்தது. அவன் சிரித்தான், அவ்வளவுதான்.

சரி, என்னிடம் சொல்லப்படும் பதில்களுக்கு வருகிறேன்.

சேர்ப்பதும் ஒரு ரசனைதானே என்கிறார்கள். தபால்தலை சேர்ப்பவரை நான் குறை சொல்லமாட்டேன். தபால்தலை முடிந்த பொருள். இது பாதியில் நிறுத்தி நம் கையில் கொடுக்கப்பட்ட பொருள். பாதியில் நிற்பதையே அடுக்கி வைப்பது ரசனை என்றால், அரிசி மூட்டையை அடுக்கி வைத்திருக்கும் கடைக்காரரைச் சமையல் ரசிகர் என்று சொல்லலாம்.

எனக்கு அழகாக வராது என்கிறார்கள். இதுதான் அதிகம் கேட்கும் பதில், என்னை அதிகம் வருத்துவதும் இதுதான். திரையில் தேர்ந்த ஓவியர்களின் வேலையைப் பார்த்துப் பார்த்துத் தன் கையையே நம்பாமல் போனவர்கள் இவர்கள். 2019-இல் 'கான்ட்ராஸ்ட்' என்ற வண்ணம் வந்தது. வெளிர் அடிப்பூச்சின் மேல் ஒரே பூச்சு, நிழலும் வெளிச்சமும் தானே பிரிந்துகொள்ளும். புதியவர்களுக்கு வரம். உடனே சில 'சுத்தக் கலைஞர்கள்' அதை ஏமாற்று வேலை என்றார்கள். சொல்லப்போனா, சீல் உடைக்காமல் பூட்டி வைப்பவரும் இவர்களும் ஒரே கட்சி. இரண்டு பேருமே கற்றுக்குட்டியின் கையை எட்டி நிற்கச் சொல்கிறார்கள். என் முதல் பொம்மை சேற்றில் விழுந்த பேரீச்சம்பழம் மாதிரி இருந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.

நேரம் இல்லை என்கிறார்கள். இதற்கு முன்னால் மட்டும் குரலைத் தாழ்த்துகிறேன். 12 மணி நேர ஷிஃப்ட் முடித்து வருபவனிடம் குட்டி எலிக்குக் கண் வை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் நேரம் இல்லாதவன் மூன்றாவது பெட்டி ஏன் வாங்குகிறான்? என்னைக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பெட்டியோடும் நான் வாங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமையை. ஓவர்டைம் இல்லாத, அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டாத, ஜன்னலோரம் உட்கார்ந்து வண்ணம் தீட்டும் ஒரு ஞாயிறு. கிடைக்காத ஞாயிறுகளை ஐந்நூறு ஐந்நூறு ரிங்கிட்டாக வாங்கி அடுக்கியிருக்கிறேன். அந்தப் பெட்டிகளுக்காக இன்னும் கொஞ்சம் ஓவர்டைம் செய்தேன் என்பதுதான் இதில் உச்சம்.

வளர்ந்த ஆளுக்குப் பொம்மையா என்று கேட்கும் இலக்கிய அண்ணன்களுக்கும் ஒன்று சொல்லணும். பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் நீங்கள். அடிக்கோடிட்ட பிரதிக்கு விலை குறைவு என்பது தெரியும். ஒருவர் உட்கார்ந்து படித்தார், ஓர் இடத்தில் நின்றார் என்பதற்கு அந்தப் பிரதியில் இருக்கும் சாட்சியே அந்தக் கோடுதான். நூல் வெளியீட்டில் கையெழுத்து வாங்கி, எழுத்தாளரோடு படம் எடுத்து, உறை கசங்காமல் அலமாரியில் வைத்த பிரதிக்குத்தான் மதிப்பு. உங்கள் அலமாரியிலும் என் அலமாரியிலும் இருப்பது ஒரே குவியல்.

இனி என் குற்றத்துக்கு வருகிறேன். 800 ரிங்கிட் என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது அவன் கேட்டதில் பாதி. முகநூலில் மற்றவர்கள் சொன்ன அதே காரணத்தை நானும் சொன்னேன், நண்பன் என்பதால் கொஞ்சம் நயமாக. அதோடு நிற்கவில்லை. எனக்குப் பிடித்த வண்ணத்தில் மறுபடி தீட்டலாம் என்று 40 எலிகளை எடுத்து, கண்ணாடி ஜாடியில் தண்ணீர் கலக்காத டெட்டாலில் ஊறப்போட்டேன். ஒரு நாள் ஊறினால் அக்ரிலிக் வண்ணம் இளகிவிடும். தண்ணீரில் அலசக்கூடாது, பிசினாக ஒட்டிக்கொள்ளும். டெட்டாலிலேயே பழைய பல்துலக்கியால் தேய்க்கணும். தேய்த்தேன். பழுப்பும் சிவப்பும் கலந்த சகதி கையுறையில் வழிந்தது. ஆமாம், கையுறை போட்டிருந்தேன்.

கடைசிச் சில எலிகளைத் தேய்க்கும்போதுதான் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அடித்தட்டின் கீழே கறுப்பு மார்க்கரில் கலங்கிய எழுத்து: 14.3.2012. முதல் நாற்பதும் நாங்கள் பள்ளியில் இருந்த வருடத்தைச் சேர்ந்தவை. மற்ற 140-ஐயும் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தேதி. அவன் அப்பா இறந்த வாரத்தில் இரண்டு எலி முடித்திருக்கிறான்.

அந்தப் பெட்டியின் என் பாதி, அந்த எல்ஃபுகள், 2012-இலிருந்து டப்பாவில் சாம்பல் நிறத்திலேயே கிடக்கின்றன. இன்று விற்றால் அவன் எலியைவிட என் எல்ஃபுக்குத்தான் அதிகம் கிடைக்கும். நான் எதுவும் செய்யவில்லை என்பதற்காகக் கிடைக்கும் பணம்.

அவனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "முதல்ல செஞ்சதுதானே, அதெல்லாம் நல்லாவே இருக்காது மச்சான்" என்றான். மீதி 800-ஐ அவன் கணக்கில் போட்டேன். எதற்கு என்று கேட்டான். விலை என்றேன்.

இந்த வருடம் ஒரு பெட்டியும் வாங்கவில்லை. கழுவிய 40-இல் 23 எலிகள் முடிந்திருக்கின்றன. அவன் பழுப்பு எனக்கு வரவில்லை, பக்கத்தில் வைத்தால் வேறு ஊர் எலி மாதிரி தெரிகிறது. அடித்தட்டின் கீழே அவன் தேதியை மறுபடி எழுதி, அதற்கடியில் என் தேதியையும் போடுகிறேன். சிலவற்றில் மை முழுக்கக் கரைந்துபோனதால் என் தேதி மட்டும் இருக்கிறது. இவற்றை விற்பதாக இல்லை. விற்றாலும் பாதி விலைதான் கிடைக்கும்.