மரத்தின் மேல் ஒரு தேர்வு

2020-ஆம் ஆண்டு, சபா மாநிலத்தின் பித்தாஸ் மாவட்டத்தில் ஒரு மாணவி இணையவழித் தேர்வு எழுத மரத்தில் ஏறினார். அவரிடம் கைப்பேசி இருந்தது. நல்ல இணையத் தொடர்புதான் இல்லை.

2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு 64.1 பில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது. சாலை, மின்சாரம், இணையம் ஆகியவற்றுக்குத் தனி நிதி உண்டு. ஆயினும், உட்புறக் கிராமங்களில் இவை ஒன்றையொன்று சார்ந்தவை. மின்சாரமும் இணையமும் எட்டாத பள்ளிக்கு அனுப்பப்படும் மடிக்கணினி அலமாரியில்தான் உறங்கும்.

மக்கள் குறைந்த ஊருக்கு இவ்வளவு செலவா எனச் சிலர் கேட்கலாம். நகரங்களில் இலாபம் கருதித் தனியார் நிறுவனங்கள் முதலீடு செய்யும். உட்புறப் பகுதிகளுக்கோ அரசாங்கமே துணை. எனவே, வசதி குன்றிய பள்ளிகளுக்கே முதலில் நிதி சேர வேண்டும். சாலையும் மின்சாரமும் இணையமும் அங்கு ஒருங்கே செல்ல வேண்டும்.