வந்தவர் கண்ணில் படும் சுவர்

 

பசறைப் பக்கமிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புதிதாக வீடு கட்டிக் குடிபுகுந்திருக்கிறார்கள். முன் அறைச் சுவர் வெறுமையாகக் கிடக்கிறதாம். குடும்பத்தாரின் படங்கள், கல்யாணப் படங்கள், பாடசாலைத் தோழிகளோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சட்டம் போட்டு வரிசையாக மாட்டினால், வருகிறவர்களுக்கு வீட்டார் யார் எவரென்று தெரியும், பார்க்கவும் அழகாயிருக்கும் என்பது அவரது எண்ணம். மௌத்தாகிவிட்ட மாமாவின் பெரிய படம் நடுவில் வர வேண்டும் என்று மாமி ஆசைப்படுகிறார். மத்ரஸாவில் ஓதும் கணவரின் தம்பியோ, மாட்டினால் கழற்றி எறிவேன் என்று நிற்கிறாராம். வீட்டில் இரண்டு வாரமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. என்ன செய்வது மௌலவி என்று கேட்கிறார்.

அந்தத் தம்பி சொல்ல வரும் விஷயத்திற்கு ஆதாரம் இருக்கிறது. எறிவேன் என்கிறாரே, அதற்குத்தான் ஆதாரம் தேடினாலும் கிடைக்காது.

இந்தக் கேள்வி நமக்குப் புதிது. ஆனால் நபி (ஸல்) அவர்களின் வீட்டுக்குப் புதிதல்ல. அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் தமது வீட்டில் உருவங்கள் உள்ள ஒரு திரையைத் தொங்கவிட்டிருந்தார்கள். பயணம் முடிந்து வந்த நபியவர்கள் அதைக் கண்டதும் முகம் மாறி, திரையை அகற்றினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் செய்தி இது. அத்தோடு நிறுத்திக் கொள்கிறவர்களே அதிகம். அதன் பிறகு நடந்ததையும் அன்னையவர்களே சொல்கிறார்கள்: அந்தத் துணியை வெட்டித் தலையணையாக ஆக்கினார்கள், நபியவர்கள் அதில் சாய்ந்து கொள்வார்கள். துணி வீணாகவில்லை. அதைத் தொங்கவிட்டவரின் மனமும் உடைந்து போகவில்லை.

முஸ்லிமில் இன்னொரு அறிவிப்பு உண்டு. சகோதரியின் கேள்விக்கு அதுதான் மிக நெருக்கம். பறவை உருவம் உள்ள ஒரு திரை இருந்தது. உள்ளே வருகிற எவருக்கும் அது எதிரே நிற்கும். அதை வேறு பக்கம் மாற்றிவிடும்படியும், உள்ளே வந்து அதைக் காணும்போதெல்லாம் தமக்கு உலகம் நினைவுக்கு வருகிறது என்றும் நபியவர்கள் கூறினார்கள். உள்ளே வருகிறவரின் கண்ணுக்கு நேரே இருப்பது என்ற அந்த விவரத்தைக் கவனியுங்கள். நம் முன் அறைச் சுவரும் அதுதானே?

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கமராவால் எடுக்கும் படத்தைப் பற்றி அறிஞர்கள் ஒரே குரலில் பேசவில்லை. நமது ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவி (ரஹ்) அவர்கள், உயிருள்ளவற்றின் உருவம் சுவரில் தொங்கினால் கூடாது, மிதிபடும் விரிப்பிலோ தலையணையிலோ இருந்தால் தடையில்லை என்று எழுதினார்கள். அவர்கள் காலத்தில் கமரா இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தியாக இருந்த ஷைக் முஹம்மத் பகீத் அல்முதீஈ அவர்கள், கமரா புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதில்லை, விழும் நிழலைப் பிடித்து வைக்கிறது, ஆகவே தடுக்கப்பட்ட உருவம் வரைதலில் அது சேராது என்றார்கள். ஷைக் யூசுஃப் அல்கர்ளாவி அவர்களும் 1960இல் வெளியான ‘இஸ்லாத்தில் ஹலாலும் ஹராமும்’ என்ற நூலில் அந்தப் பக்கமே சாய்ந்தார்கள். சவூதியின் ஷைக் பின் பாஸ் (ரஹ்) போன்றோர், அடையாள அட்டை, கடவுச்சீட்டு போன்ற தேவைக்கன்றி அதுவும் கூடாது என்றார்கள். ஹஜ்ஜுக்குப் போகவும் படம் கொடுத்தாக வேண்டிய காலம் இது. இத்தனை பெரியவர்கள் கருத்து வேறுபட்ட ஒன்றில், பதினெட்டு வயதுப் பிள்ளை பெற்ற தாயின் கையிலிருந்து படத்தைப் பிடுங்குவது எந்தக் கிதாபில் இருக்கிறது?

ஆனால் அனுமதித்தவர்களின் கருத்தைக் கையில் எடுக்கிறவர், அவர்கள் போட்ட வரம்புகளையும் சேர்த்தே எடுக்க வேண்டும். கண்ணியப்படுத்தி வணக்கத்தின் சாயல் வரும்படி வைக்கக் கூடாது. மறைக்க வேண்டியதைக் காட்டும் படமாக இருக்கக் கூடாது. முன் அறைச் சுவரில் இந்த இரண்டும்தான் முதலில் மீறப்படுகின்றன.

நம் வீடுகளின் முன் அறைக்கு யார் யார் வருகிறார்கள்? பசறை, லுணுகலை, ஹாலிஎலைப் பக்கம் கடைக்குப் பின்னாலேயே வீடு. சாமான் கொண்டு வருகிறவர், மின்மானி வாசிக்க வருகிறவர், தோட்டத்து நண்பர், அயல்வீட்டுச் சிங்களச் சகோதரர், கணவரின் கூட்டாளிகள் எல்லாரும் அந்த அறைக்குள்தான் வந்து அமர்கிறார்கள். நேரில் வரும்போது நீங்கள் முந்தானையைச் சரிசெய்து கொண்டு கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொல்கிறீர்கள். சுவரிலோ கல்யாணக் கோலத்தில், தலை திறந்து, நகையோடு நிற்கிறீர்கள்! தேநீர் வரும்வரை வந்தவருக்குப் பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது?

தோழிகளின் படம் இன்னும் நுட்பமானது. அது உங்கள் படம் மட்டுமல்ல. பாடசாலை விடுகை விழாவில் பத்துப் பேர் சேர்ந்து எடுத்த படத்தில் ஒருத்தி இன்று முகம்கூட மூடுகிறவளாக இருக்கலாம். ஒருத்தியின் கணவருக்கு அது பிடிக்காதிருக்கலாம். அவளைக் கேட்காமல் உங்கள் சுவரில் அவளை மாட்ட உங்களுக்கு உரிமை இல்லை. தோழி தந்த படம் ஓர் அமானிதம். கைத்தொலைபேசியில் ‘ஸ்டேட்டஸ்’ போடுகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். அந்தச் சுவருக்கு முன்னால் முந்நூறு விருந்தினர் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இனி மாமாவின் படம். நூஹ் நபி (அலை) அவர்களின் சமூகத்தாரிடம் வத்து, ஸுவாஉ, யகூஸ், யஊக், நஸ்ர் என்ற ஐந்து பெயர்கள் வணங்கப்பட்டன. அவை அந்தச் சமூகத்தில் வாழ்ந்த நல்ல மனிதர்களின் பெயர்கள் என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் விளக்குகிறார்கள். அவர்கள் மரணித்த பின், அவர்கள் உட்கார்ந்திருந்த சபைகளில் சிலைகள் நிறுத்தப்பட்டன. நிறுத்தியவர்கள் வணங்கவில்லை. அவர்களும் போய், அறிவும் மறைந்த பிறகே வணக்கம் வந்தது. மனிதர் உட்கார்ந்து பேசிய இடத்தில், அவர் போன பிறகு, அவர் நினைவுக்காக ஓர் உருவம்! தொடக்கம் அன்புதான்.

தோட்டத்து லயக் காம்பராக்களில் மறைந்த பெரியவரின் படத்திற்குப் பூமாலையும் விளக்கும் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அவர்களது வழி, அதை நாம் கேலி செய்யக் கூடாது. ஆனால் நமது வீடுகள் சிலவற்றிலும் வாப்பாவின் படத்திற்குக் காகித மாலை ஏறியிருக்கிறதே, சின்ன மின்குமிழ்கூட எரிகிறதே, அது எங்கிருந்து வந்தது? ஆகவே மாமாவின் பெரிய படம் நடுச்சுவரில் வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமில்லை.

மாமியிடம் இதை யார் சொல்வது? கணவரின் தம்பி சொல்ல வேண்டாம். அவர் ஏற்கெனவே எறிந்து பேசிவிட்டார். மூத்த மகன் சொல்லட்டும். தனியாக உட்கார்ந்து சொல்லட்டும். நாற்பது வருடம் கூட வாழ்ந்தவரின் முகத்தை மறந்துவிடுவோமோ என்று அந்தத் தாய் பயப்படுகிறார். அந்தப் பயத்திற்குப் பதில் கொடுக்காமல் ஹதீஸ் நம்பரை மட்டும் கொடுத்தால் அவர் காதில் ஏறாது. படத்தை அவர் கையிலேயே கொடுங்கள். அவரது அலுமாரியில், அவரது சாவிக்குள் இருக்கட்டும். அவருக்கு வேண்டியபோது எடுத்துப் பார்த்துக் கண் கலங்கட்டும். இத்தா முடிந்து இவ்வளவு காலமாகியும் அழுகிறாரே என்று யாரும் கேட்க வேண்டாம். மாமாவின் பெயரில் ஒரு ஸதகா செய்யுங்கள். எதற்குச் செய்தோம் என்று மாமியிடம் வந்து சொல்லுங்கள்.

இன்னொரு கூட்டம் பிள்ளைகளை நினைக்காமல் இதை எழுத முடியாது. 1980களிலிருந்து ஊவாவின் கிராமங்களிலும் தோட்டங்களிலும் இருந்து எத்தனையோ தாய்மார் வீட்டு வேலைக்காக சவூதிக்கும் குவைத்துக்கும் போனார்கள், இன்றும் போகிறார்கள். இரண்டு வயதில் விட்டுப்போன பிள்ளைக்கு உம்மா என்பது ஒரு படம்தான். இன்று தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசலாம். எஜமானி தொலைபேசியை வாங்கி வைத்திருக்கும் வீட்டில் அதுவும் இல்லை. உம்மம்மாவிடம் வளரும் அந்தப் பிள்ளையின் தலையணைக்குக் கீழே உம்மாவின் சிறிய படம் இருந்தால், மௌலவி சொன்னார் என்று யாரும் அதை எடுத்துவிடாதீர்கள். அது அலங்காரம் அல்ல.

சுவர் வெறுமையாக இருக்கிறதே என்றால், உருவம் வரைந்து பிழைத்த ஒருவரிடம் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள், மரத்தையும் உயிரில்லாதவற்றையும் வரையும்படி வழிகாட்டினார்கள். நமக்கா பஞ்சம்? துன்ஹிந்த நீர்வீழ்ச்சி இருக்கிறது, நமுனுகுல மலை இருக்கிறது, 1921இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. இன்னொன்றும் செய்யலாம். உறவைப் பேணும் அளவுக்கு வம்சத்தை அறிந்து கொள்ளும்படி நபியவர்கள் சொன்ன செய்தி திர்மிதியில் உண்டு. வாப்பா, அவருடைய வாப்பா, உம்மாவின் உம்மா என்று ஐந்து தலைமுறைப் பெயர்களை நல்ல எழுத்தில் எழுதிச் சட்டம் போட்டு மாட்டுங்கள். வந்தவருக்கு வீட்டார் யாரென்று தெரியும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாப்பாவின் வாப்பா பெயரே தெரிவதில்லை, அவர்களுக்கும் தெரியும்.

படங்களை வைத்திருக்க விரும்புகிறவர்கள் அல்பத்தில் உள் அறையில் வையுங்கள். மலைநாட்டுச் சுவர் படத்திற்கு நல்ல இடமும் அல்ல. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஈரம் இறங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். வெளிச்சம் படும் பக்கத்தில் வர்ணப் படம் சில வருடத்தில் மங்கிவிடும். வெளிச்சுவரை ஒட்டிய அலுமாரியில் வைக்காதீர்கள். பசைத்தாள் உள்ள அல்பம் படத்தையே தின்றுவிடும். யார், எந்த வருடம் என்று பின்புறத்தில் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா முன்பக்கம் பதியும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் நமது மாவட்டத்தில் மண் சரிந்ததையும் பார்த்தோம். சுவரில் இருந்தது, பெட்டியில் இருந்தது என்ற வித்தியாசம் அங்கே இருக்கவில்லை. முக்கியமான படங்களின் ஒரு பிரதியை வேறு ஊரில் உள்ள ராத்தாவிடமோ நானாவிடமோ கொடுத்து வையுங்கள்.

மாமாவின் படம் பழைய ஸ்டூடியோப் படமாக இருந்து, ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தால் பிய்த்தெடுக்க வேண்டாம், முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு அப்படியே வைத்து, பகல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்வாக நின்று தொலைபேசியால் ஒரு பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். பிரதி எடுக்கும் வேலையை அந்தத் தம்பியிடமே கொடுக்கலாம். அவரும் அவருடைய பிள்ளைதானே.