துப்பாக்கியைத் துடைக்க மூணு கை வேணுமா?

பால்பாயிண்ட் பேனாவைக் கழற்றும்போது ஸ்பிரிங் எகிறிக் கட்டிலுக்கு அடியில் ஓடிவிடும். தவழ்ந்து தேடுகிறோம். அது நூல் கனத்துக் கம்பி. கைத்துப்பாக்கிக்குள் இருக்கிற ஸ்பிரிங் அப்படி எகிறினால்? கட்டிலுக்கு அடியில் போகாது, கண்ணுக்குப் போகும்!

அமெரிக்காவில் சாதாரண ஜனங்கள்கூட இடுப்பில் குட்டித் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு திரிகிறார்கள். சுடச் சொன்னால் சுடுவார்கள். சுட்ட பிறகு பிரித்துத் துடைக்கச் சொன்னால்தான் முழி பிதுங்குகிறது. குற்றம் அவர்கள் மேல் இல்லை. செய்து கொடுத்தவர்கள் மேல் என்பதுதான் என் கட்சி.

தோட்டா வெடித்ததும் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் பாயும். காலி உறை வெளியே விழும். ஸ்லைடைத் திரும்ப முன்னே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றுவது இந்த ஸ்பிரிங்தான். கரியும் பிசுக்கும் சேர்ந்தால் ஸ்லைடு பாதியில் நிற்கும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் அது நின்றால் என்ன கதி?

ஜான் பிரவுனிங் வடிவமைத்த துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911-ல் ஏற்றது. 5 அங்குலக் குழல். ஸ்பிரிங்கின் பலம் 16 பவுண்டு சுமார். முன்மூடியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தபடி பிரிக்க வேண்டும். விரல் வழுக்கினால் மூடி பறக்கும். ஆனாலும் சமாளிக்கலாம்.

1985-ல் கோல்ட் கம்பெனி அதையே மூன்றரை அங்குலக் குழலாகக் குறுக்கி 'ஆபீசர்ஸ்' என்று விற்றது. அங்கேதான் வம்பு! ஸ்லைடு இளைத்துவிட்டதால் இன்னும் வேகமாகப் பின்னால் பாயும். அதை அடக்கப் பலமான ஸ்பிரிங் வேணும். இடமோ குறைவு. 20 பவுண்டுக்கு மேற்பட்ட பலத்தை அந்தச் சின்னப் பொந்துக்குள் திணித்தார்கள்.

இந்த வகைக் குட்டிகளைத் திரும்பப் பூட்டுவதுதான் பெரும்பாடு. அடிப்பாகத்தை ஒரு கை பிடிக்கணும். திமிறுகிற ஸ்லைடை இன்னொரு கை அழுத்தணும். ஓட்டைகளை நேராக்கிப் பின்னைச் செருக மூணாவது கைக்கு எங்கே போவது?

சில மாடல்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்குக்குள் ஓடும் கம்பியில் ஊசித்துளை ஒன்று இருக்கும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து நிறுத்தி, காகிதம் கோர்க்கிற கிளிப்பை வளைத்து அந்தத் துளையில் மாட்டினால் ஸ்பிரிங் அடங்கிக் கிடக்கும். வேலை சுலபம், மறுக்கவில்லை. ஆனால் பல நூறு டாலர் வாங்கிக்கொண்டு கிளிப்பைத் தேட விடுவது என்ன நியாயம் சார்?

முடியாத காரியமா? ஆஸ்திரியாவின் கிளாக் கம்பெனி 1995-ல் விட்ட 26-ம் நம்பர் குட்டியைப் பாருங்கள். இரண்டு ஸ்பிரிங்கையும் கம்பியோடு சேர்த்து ஒரே உருப்படியாகச் சிறைபிடித்துவிட்டார்கள். விரலால் தூக்கினால் வருகிறது, வைத்தால் உட்காருகிறது. பறக்க எதுவுமில்லை. தேய்ந்துபோனால் செட்டோடு மாற்றணும், செலவு கூடுதல் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. கண் வைத்தியச் செலவைவிடக் குறைவுதானய்யா!

அதிலும் ஒரு கோளாறு. பிரிப்பதற்கு முன் விசையை ஒருதரம் அழுத்தியாக வேண்டும்! மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நினைத்து, குழலுக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருப்பதை மறந்தவன் அழுத்தினால்... 'டமார்'! 2018-ல் வந்த சிக் பி365 குட்டியில் இந்த வேலையே இல்லை. ஸ்லைடைப் பின்னால் மாட்டி, பக்கவாட்டு நெம்பைத் திருப்பினால் போதும், விசையைத் தொட வேண்டாம். ஒருத்தர் செய்துகாட்டிய பிறகு, மற்றவர்கள் "முடியாது" என்றால் யார் நம்புவார்கள்?

அதுவரை அதை வைத்திருப்பவர்கள் மேகசினைக் கழற்றி, குழலின் பின்வாயைக் கண்ணால் ஒருதரம், விரலால் ஒருதரம் பார்த்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்காரட்டும்.